வைப்ரேஷன் ரீடிங்: ஜி-யில போடுறதா மீ/செ²-ல போடுறதா? 0.12 எண்டு வருது, நம்பலாமா?

கேள்வி

வணக்கம் அண்ணாமார். திருகோணமலை கொட்பே பக்கம் ஒரு ஐஸ் பக்டரியில மெயின்டனன்ஸ் பாக்கிறன். கடல்தண்ணி பம்புக்கு 22 கிலோவாட் மோட்டர், 1470 ஆர்பிஎம், கொங்கிரீட் அத்திவாரத்தில இறுக்கி இருக்கு. போன வருஷம் வெளியால இருந்து வந்து அளந்து குடுத்த ரிப்போர்ட்ல கப்ளிங் பக்க (மோட்டரும் பம்பும் இணையிற பக்க) பெயரிங்ல அதிர்வு 0.12. இந்த முறை நாங்களே சென்சர் வாங்கி லேப்டாப்பில பாத்தா 1.18, பத்து மடங்கு கூடிட்டுது எண்டு பயந்து பம்பை நிப்பாட்டச் சொல்லிப்போட்டன், ஐஸ் ஏத்த வந்த போட்காரர் எல்லாம் வெயிலுக்க காத்துக்கொண்டு நிண்டாங்க. பிறகுதான் கண்டன் பழைய ரிப்போர்ட்ல ஜி ஆர்எம்எஸ் (ஆர்எம்எஸ் எண்டது அலையின்ட ஒருவித சராசரி) எண்டு சின்னனா இருக்கு, எங்கட ஸ்கிரீன்ல மீ/செ². உடனே சென்சர் செட்டிங்ஸுக்குள்ள போய் மில்லிவோல்ட்/ஜி எண்டு இருந்ததை மில்லிவோல்ட்/(மீ/செ²) எண்டு மாத்தினன், இப்ப 0.12 வருது ஆனா பக்கத்தில இன்னும் மீ/செ² எண்டுதான் கிடக்கு. வெலொசிட்டி (அதிர்வின்ட வேகம்) 0.34 மிமீ/செ. நாளைக்கு ரிப்போர்ட் குடுக்கோணும், எந்த யூனிட்டில போடுறது?

பதில் 1

தம்பி, அந்த ரிப்போர்ட்டை இப்ப குடுக்காதீங்க. நீங்க முதல்ல கண்ட 1.18 தான் சரி. ஜி எண்டது புவியீர்ப்பு முடுக்கம், 1 ஜி எண்டா 9.80665 மீ/செ², 1.18ஐ அதால பிரிச்சுப் பாருங்க, 0.12 ஜி வரும், போன வருஷத்து கணக்கேதான், ஒண்டும் கூடல்ல.

பிழை நடந்தது அதுக்குப் பிறகு. டிஸ்பிளே யூனிட் வேற, சென்சர்ட சென்சிடிவிட்டி வேற. டிஸ்பிளேயில எதை மாத்தினாலும் சொப்ட்வெயார் தானாப் பெருக்கியோ பிரிச்சோ காட்டும், ஒண்டும் கெடாது. சென்சிடிவிட்டி எண்டது சென்சர் எத்தினை மில்லிவோல்ட் தருது எண்டு நீங்க சொப்ட்வெயாருக்கு சொல்லுற வாக்கு. உங்கட சென்சர் 100 மில்லிவோல்ட்/ஜி போல, அதை மீ/செ²-ல எழுதினா 10.2 வரோணும். நீங்க 100ஐ அப்பிடியே விட்டுட்டு யூனிட்டை மட்டும் மாத்தினதால இப்ப எல்லா ரீடிங்கும் 9.8 மடங்கு குறைவாக் காட்டுது. பழைய நம்பரோட ஒத்துப்போறது போலத் தெரியிறதுதான் இதில பெரிய ஆபத்து. பெட்டிக்குள்ள கலிபிரேஷன் பேப்பர் இருக்கும், அதைப் பாத்து திருப்பிப் போடுங்க.

பதில் 2

சீனக்குடா பக்கம் 12 வருஷம் இந்த வேலைதான் செய்யிறன். மேல சொன்னது சரி, நான் வெலொசிட்டியைப் பற்றிச் சொல்லுறன். அது சென்சர் அளக்கிற அக்செலரேஷனை (முடுக்கத்தை) இன்டிகிரேட் பண்ணி வாறது, அதால அதுவும் பிழைச்சுட்டுது, 0.34 இல்ல, 3.3. ஐஎஸ்ஓ 10816-3 எண்ட அதிர்வு ஸ்டாண்டர்ட்ல (2022ல அதுக்குப் பதிலா ஐஎஸ்ஓ 20816-3 வந்திட்டுது) 15 இல இருந்து 300 கிலோவாட் வரைக்குமான மோட்டர் உறுதியான அத்திவாரத்தில இருந்தா 1.4, 2.8, 4.5 மிமீ/செ தான் எல்லைகள். 0.34 எண்டா புது மோட்டர் மாதிரி, 3.3 எண்டா இப்பிடியே கனகாலம் ஓட விடக்கூடாது. ஒரே மோட்டர் தம்பி, ஒரு செட்டிங்தான் வித்தியாசம்.

யூனிட் கேட்டீங்க: பெயரிங் பாக்க ஜி, ஏனெண்டா உங்கட பழைய ரிப்போர்ட் ஜி-யில இருக்கு, ட்ரெண்ட் உடையக்கூடாது. அலைன்மென்ட், பலன்ஸ், லூஸ் போல்ட் பாக்க மிமீ/செ ஆர்எம்எஸ். பீக்கா (அலையின்ட உச்சம்) ஆர்எம்எஸ்ஸா எண்டும் பக்கத்தில எழுதுங்க, 1.414 ஆல பெருக்கி மாத்திறது சுத்தமான சைன் அலைக்கு மட்டும்தான் சரி, பெயரிங் சிக்னலுக்கு அது பொருந்தாது. சென்சர்ட மெக்னட் வைக்கிற இடத்தில உப்பும் துருவும் இருந்தா சுரண்டிப்போட்டு வையுங்க, இல்லாட்டி உயர் பிரீக்குவென்சி வராது.

பதில் 1

கலிபிரேட்டர் (தெரிஞ்ச அளவு அதிர்வு தாற கருவி) கிடைச்சா இன்னும் நல்லம். 159.15 ஹேர்ட்ஸ்ல 10 மீ/செ² ஆர்எம்எஸ் தாறதில சென்சரை வைச்சா ஜி-யில 1.02, வெலொசிட்டியில சரியா 10 மிமீ/செ காட்டோணும். ரெண்டும் வந்தா செட்டிங் சரி.

கேட்டவர்

பேப்பரைத் தேடி எடுத்தன், ஈரம் பிடிச்சுக் கிடந்தது ஆனா 100.4 மில்லிவோல்ட்/ஜி எண்டு வாசிக்க ஏலுது. அதைப் போட்டதும் 0.12 ஜி, 3.3 மிமீ/செ. பம்பை நிப்பாட்டி பின்பக்க கால் போல்டைப் பாத்தா ஸ்பானர் வைச்ச உடனே கால்வாசிச் சுத்து சுத்திட்டுது. இறுக்கின பிறகு 1.9. ரிப்போர்ட்ல ஜி ஆர்எம்எஸ், மிமீ/செ ஆர்எம்எஸ் ரெண்டையும் முழுசா எழுதிட்டன், பழசையும் பக்கத்தில போட்டிருக்கன். ரெண்டு அண்ணாமாருக்கும் நன்றி. டவுன் பக்கம் ஆரிட்டயாவது கலிபிரேட்டர் இருந்தா சொல்லுங்க, ஒரு பின்னேரம் சென்சரைக் கொண்டுவாறன்.