ஸ்கூல் போர்டு: சம்பளம் பெரும்பாலும் சைபர், வகுப்பு மட்டும் கட்டாயம்

டெக்சாஸிலிருந்து:

அமெரிக்காவில் ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புதான் பள்ளி மாவட்டம்; அதற்குத் தலைமை தாங்கும் குழு ஸ்கூல் போர்டு. அந்த போர்டுக்கு நிற்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது “மாசம் எவ்வளவு?” என்றுதான். ஒன்றும் கிடையாது. டிரஸ்டிகளுக்கு, அதாவது போர்டு உறுப்பினர்களுக்கு, ஊதியம் இல்லை என்று மாநிலக் கல்விச் சட்டமே சொல்லிவிட்டது. மாவட்டம் பெரிதா சிறிதா என்ற பேச்சுக்கே இடமில்லை. வெளியூர்ப் பயிற்சிக்குப் போய்வந்த செலவு மட்டும் மாவட்டத்தின் விதிப்படி திரும்பி வரும், ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால்.

வகுப்பு விஷயத்தில் அப்படி விட்டுவிட மாட்டார்கள். புதியவருக்கு மாவட்ட அறிமுகம் 3 மணி நேரம், கல்விச் சட்ட அறிமுகம் 3 மணி நேரம். இரண்டுக்கும் 120 நாள் கெடு. மொத்த போர்டும் சூப்பரிண்டெண்டண்ட்டும் (மாவட்டத்தின் தலைமை நிர்வாகி) சேர்ந்து உட்காரும் குழுப் பயிற்சி ஆண்டுக்கு 3 மணி நேரம். மாணவர்களின் கற்றல் அடைவை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு 3, பள்ளிப் பாதுகாப்புக்கு 2, பாலியல் கொடுமை, ஆள்கடத்தல் பற்றி 1. இந்த மூன்றும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. இதற்கு மேல் பொதுவான தொடர்கல்வி முதல் ஆண்டில் 10, அடுத்தடுத்த ஆண்டுகளில் 5. கூட்டிப் பாருங்கள், முதல் வருஷம் 25 மணி நேரம் வந்து நிற்கும்.

பெரும்பாலும் கோட்டை விடுவது குழுப் பயிற்சியில்தான். மற்றதை இன்னொரு நாள் போய் முடித்துக்கொள்ளலாம். இது எல்லோரும் ஒன்றாக இருக்க வேண்டிய வகுப்பு. ஒருவருக்காக போர்டின் ஏழு பேரையும் சூப்பரிண்டெண்டண்ட்டையும் மறுபடி கூட்டுவது லேசான காரியமா?

மணி நேரம் குறைந்தால் பதவி பறிபோகாது. ஆனால் டிரஸ்டி தேர்தலுக்கு முந்தைய கடைசி வழக்கமான கூட்டத்தில் தலைவர் ஒவ்வொரு பெயராக வாசிப்பார்: இவர் முடித்தார், இவர் கூடுதலாகவே முடித்தார், இவருக்குக் குறைகிறது. குறைந்தவர் பெயர் மினிட்ஸில் (கூட்டப் பதிவேட்டில்) ஏறும், மாவட்ட இணையதளத்திலும் வரும். எதிர்த்து நிற்பவருக்கு நோட்டீஸ் அடிக்க வேறென்ன வேண்டும்?

டெக்சாஸ் பற்றி இன்னும் சில:

120 நாளையும் 90 நாளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 120 என்பது தேர்தல் அல்லது நியமனத் தேதியை வைத்து. முன்கூட்டியே எடுத்திருந்தாலும் செல்லும். 90 என்பது திறந்த கூட்டச் சட்ட வகுப்புக்கு (போர்டு மாதிரி அமைப்புகள் முன்கூட்டி அறிவித்து, மக்கள் பார்க்கத்தான் கூட வேண்டும் என்கிற சட்டம்), பதவிப் பிரமாணத்திலிருந்து எண்ண வேண்டும். அந்த வகுப்பின் வீடியோவை அட்டர்னி ஜெனரல் (மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரி) அலுவலகம் இலவசமாகவே போட்டிருக்கிறது. சான்றிதழை மாவட்ட அலுவலகத்தில் கொடுத்துவிட்டு உங்களிடமும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: வழக்கமான போர்டு கூட்டத்துக்கு நடுவில் ஒரு மணி நேரம் யாரையாவது பேச வைத்து அதைப் பயிற்சி என்று கணக்கில் எழுத முடியாது. பயிற்சிக்கென்றே கூட்டிய கூட்டமாக இருக்க வேண்டும். ஏழு பேரில் நான்கு பேர் ஒரே மாநாட்டுக்குப் போகலாம், தப்பில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அடுத்த மாத பட்ஜெட்டை அலசினால்தான் அது அறிவிக்காத கூட்டமாகிவிடும்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் கேட்பதால்: போர்டுக்கு நிற்க முடியாது. குடியுரிமை வேண்டும், பதிவு செய்த வாக்காளராகவும் இருக்க வேண்டும்.

நியூ ஜெர்சி நிலவரம்:

இங்கேயும் சம்பளம் கிடையாது. ஆனால் டெக்சாஸ் மாதிரி பெயரை வாசித்துவிட்டுப் போக மாட்டார்கள். தேர்வானதிலிருந்து 30 நாளுக்குள் குற்றப் பின்னணிச் சோதனை. முதல் பதவிக் காலத்தின் மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ஒரு நிர்வாக வகுப்பு. திரும்ப ஜெயித்தால் ஓராண்டுக்குள் இன்னொன்று. வகுப்பை நடத்துவது மாநிலப் பள்ளி வாரியங்களின் சங்கம். சொத்து, உறவினர் விவரப் படிவம் ஆண்டுதோறும் ஏப்ரல் 30-க்குள். வகுப்பையோ படிவத்தையோ தவறவிட்டால் பள்ளி நெறிமுறை ஆணையத்திலிருந்து கடிதம் வரும். கண்டனத்தில் தொடங்கி இடைநீக்கம், பதவி நீக்கம் வரை போகும்.

பயணச் செலவில் ஒரு பொறி இருக்கிறது. போவதற்கு முன்பே போர்டு பெரும்பான்மை வாக்கில் ஒப்புதல் தர வேண்டும். போய்வந்த பிறகு பில்லை நீட்டினால் அது உங்கள் கைக்காசுதான்.

கலிஃபோர்னியா:

இங்கே மாத உதவித்தொகை உண்டு. உச்சவரம்பு மாவட்டத்தின் அளவைப் பொறுத்தது. ஆனால் பதிவேட்டில் எத்தனை மாணவர்கள் என்று பார்ப்பதில்லை, சராசரி தினசரி வருகைதான் கணக்கு. கூட்டத்துக்கு வராவிட்டால் வராத அளவுக்குத் தொகையில் வெட்டு விழும். உடல்நலக் குறைவு, ஜூரி பணி, மாவட்ட வேலையாகவே வெளியே இருந்தது போன்ற காரணம் என்றால் போர்டு தீர்மானம் போட்டு மினிட்ஸில் ஏற்றினால் வெட்டு இல்லை. பலர் காரணத்தை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, தீர்மானம் போட வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். தொகைக்கு வரியும் உண்டு, டபிள்யூ-2 (ஆண்டு ஊதிய, வரி விவரப் படிவம்) வரும்.

லாஸ் ஏஞ்சலஸ் தனி ரகம். அங்கே ஊதியத்தை நகர சாசனப்படி (நகரத்தின் அடிப்படைச் சட்டம்) அமையும் ஒரு குழு முடிவு செய்கிறது. வெளிவேலை பார்க்காத உறுப்பினருக்கு 2017-ல் ஆண்டுக்கு ஏறக்குறைய 46,000 டாலரிலிருந்து ஒரே தாவலாக 1,25,000 ஆக்கினார்கள். வெளிவேலை இருந்தால் 50,000. அதை வைத்து “ஸ்கூல் போர்டுன்னா லட்சக்கணக்கில் வரும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கலிஃபோர்னியா முழுவதற்கும் நெறிமுறைப் பயிற்சி இரண்டு ஆண்டுக்கு 2 மணி நேரம். நகர மன்றங்களுக்கு முன்பே இருந்தது, பள்ளி போர்டுகளுக்கு 2025 முதல்தான் வந்தது.

நியூயார்க் பற்றிச் சுருக்கமாக:

பெரும்பாலான மாவட்டங்களில் ஊதியம் இல்லை. நிதிக் கண்காணிப்பு வகுப்பு 6 மணி நேரம், கூடவே நிர்வாகத் திறன் வகுப்பு, இரண்டும் பதவியேற்ற முதல் ஆண்டுக்குள். ஒருமுறை முடித்தால் மறுபடி ஜெயித்தாலும் திரும்ப உட்கார வேண்டாம். பழைய சான்றிதழைத் தேடி எடுத்துக் காட்டினால் போதும்.