ஃபயர் ரெஜீம்: தமிழ்ல என்ன போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்புக்கு சூழலியல் பாடக்குறிப்பு மொழிபெயர்க்கிறேன், திங்கக்கிழமை வகுப்பு, 'ஃபயர் ரெஜீம்'ல வந்து நின்னுட்டேன். ஒரு நிலத்துல தீ எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா வருது, எந்தப் பருவத்துல, எவ்ளோ சூடா, எவ்ளோ தூரத்துக்குன்னு எல்லாத்தையும் சேர்த்துச் சொல்ற சொல் வேணும். பாடத்துல வர்றது அமெரிக்காவோட தென்கிழக்குக் கடலோரச் சமவெளி, வர்ஜீனியால இருந்து டெக்ஸாஸ் வரைக்கும் லாங்லீஃப் பைன் காடு இருந்த இடம். மின்னல்ல பத்துனதும் பழங்குடி மக்கள் வச்சதுமா ஆயிரக்கணக்கான வருஷம் அங்க தரையோட தீ ஓடிருக்கு. அந்தப் பைன் கன்னு முதல் சில வருஷம் புல்லுக்குத்து மாதிரிதான் உக்காந்திருக்கும், தீ ஓடுனா வெளி ஊசியிலை கருகும், நடுக்குருத்து தப்பிச்சிரும். இப்போதைக்கு 'தீ ஆட்சி'ன்னு போட்டிருக்கேன், ஒட்டவே இல்ல.

---

தம்பி, ஆட்சி வேண்டாம், பிள்ளைங்க தேர்தலைத்தான் நினைப்பாங்க. 'எரிமுறை' போடுங்க. 'எரி' பெயராவும் நிக்கும் வினையாவும் நிக்கும். குறுந்தொகையில 'சுடுபுனம்' வருதே, வினைத்தொகை, சுட்ட புனம் சுடுகின்ற புனம் சுடும் புனம்னு மூணு காலமும் உள்ள அடங்கியிருக்கு, திரும்பத் திரும்ப எரியிற நிலத்துக்கு வேற என்ன வேணும்? சுடு, சூடு, சுடர், சுள்ளி எல்லாமே ஒரு வேர்தான்னு ரொம்ப நாளா என் எண்ணம், அதைத் தனியா எழுதுறேன்.

---

ஐயா, எரிமுறை எண்டால் எரிக்கிற விதம் எண்டுதான் விளங்கும். 'வழமை' எங்கட ஆக்கள் நாளாந்தம் கதைக்கிற சொல், தேசவழமை எண்டு யாழ்ப்பாணத் தமிழற்ற சட்டத்துக்கே பேர் இருக்கு. அந்தச் சமவெளியில தீ விபத்தில்லை, வழமை. போன நூற்றாண்டில தீயை அணைச்சு அணைச்சு வச்சதில ஓக் மரங்கள் அடர்ந்து, வெயில் வேணுமெண்ட பைன் கன்றுகள் எழும்பேல்லை, இப்ப காட்டைப் பாக்கிற ஆக்களே கொளுத்த வேண்டிக் கிடக்கு. 'தீ வழமை அறுந்துபோச்சு' எண்டு எழுதிப் பாருங்கோ, பிள்ளையளுக்கு விளங்கும்.

---

விளங்கும்மா, ஆனா வழமைன்னா எத்தனை தடவைங்கறது மட்டும்தான் வரும். சூடும் பரப்பும் எங்க போச்சு?

---

ஐயா சொல்ற குறை நிஜம், அதை விளக்கத்துல எழுதிடுறேன். இதுவரைக்கும் வந்த மடல்ல வழமைக்குத்தான் ஆதரவு அதிகம், 'தீ வழமை'ன்னே அச்சுக்குக் குடுக்கிறேன். அடுத்த பத்தியில ஏரி அடிச்சேத்துல அடுக்கடுக்கா படிஞ்ச கரியை எண்ணி பழைய தீயைக் கணக்குப் போடுறாங்க. அதுக்கு கரித்துகளா, கரித்துணுக்கா?

---

துணுக்கு. எரிமுறைக்கு என் ஒரு வாக்கையும் குறிச்சு வைங்க தம்பி.