ரேக் பிடியுவுக்கு டிஹெச்சிபி போதுமா, நிலையான ஐபிதான் வேண்டுமா?

கேபிள்காரன்:
எங்களிடம் 12 சர்வர் ரேக், ரேக்குக்கு இரண்டு பிடியு (PDU, ரேக்கில் உள்ளவற்றுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும், நெட்வொர்க் வழியே ஆன்/ஆஃப் செய்யக்கூடிய பெட்டி). 24 பிடியுவுக்கும் ஐபியைக் கையால்தான் போட்டு வைத்திருந்தோம். போன வாரம் சப்நெட் (ஐபி முகவரிகளின் வரம்பு) மாறியது. வெப் பக்கத்திலேயே மாற்றிவிடலாம் என்று ஆரம்பித்தோம். மூன்றில் கேட்வேயை (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழியின் முகவரி) தப்பாக அடித்ததால் தொடர்பே போய்விட்டது. அப்புறம் பிடியுவில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளோடு ரேக் ரேக்காக அலைந்தோம். இனிமேல் எல்லாமே டிஹெச்சிபி (சர்வரே ஐபி கொடுக்கும் முறை), மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் எண்) ரிசர்வேஷன், அதாவது ஒவ்வொன்றுக்கும் எப்போதும் ஒரே ஐபி என்று வைத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

நைட்ஷிப்ட்:
தயவுசெய்து வேண்டாம். கரண்ட் முழுசாகப் போய்த் திரும்பும் நேரத்தை யோசியுங்கள். பிடியு எழுந்து முகவரி கேட்கும். பதில் சொல்ல வேண்டிய சர்வரோ அதே பிடியுவில் செருகியிருக்கிறது, அந்த அவுட்லெட் ஆஃபில் கிடக்கிறது. சர்வரை ஆன் செய்யப் பிடியு வேண்டும், பிடியுவை எட்ட சர்வர் வேண்டும். இது எனக்கே நடந்தது. நடுராத்திரியில் நேரில் போய்த்தான் ஆன் செய்தேன்.

கேபிள்காரன்:
டிஹெச்சிபியை அந்த ரேக்குகளில் இல்லாத ரவுட்டரில் ஓட்டினால் சரியாகிவிடுமே. லீஸும் (முகவரியை வைத்திருக்கக் கொடுத்த காலம்) சட்டென்று போய்விடாது. பாதிக் காலத்தில் பிடியு புதுப்பிக்கக் கேட்கும், பதில் வராவிட்டால் 87.5 சதவீதத்தில் எந்த சர்வர் இருந்தாலும் கேட்கும். 8 நாள் லீஸில் சர்வர் 3 நாள் படுத்தாலும் முகவரி நிற்கும்.

நைட்ஷிப்ட்:
பிடியுவின் நெட்வொர்க் கார்டு ஓடிக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் அந்தக் கணக்கு. கரண்ட் போய் வந்தால் பழைய முகவரியை வைத்துக்கொள்ளும் கார்டும் உண்டு, மறந்துவிடும் கார்டும் உண்டு. கார்டையே மாற்றினால் மேக் மாறிவிடும், ரிசர்வேஷன் பொருந்தாது. அந்த நேரத்தில் அதைத் திருத்த யாருக்கு ஞாபகம் இருக்கும்?

லாக்வாசி:
இடையில் ஒரு விஷயம், இரண்டு பேருக்கும் பயன்படும். ஏபிசி (APC) நிறுவனத்தின் நெட்வொர்க் கார்டுகளில் உற்பத்தியாளர் குக்கி (அந்த நிறுவனத்துக்கான அடையாளக் குறி) கேட்கும் ஒரு செட்டிங் இருக்கிறது. அது ஆனில் இருந்தால், டிஹெச்சிபி பதிலின் ஆப்ஷன் 43இல் (உற்பத்தியாளர் தகவலுக்கான பகுதி) 01 04 31 41 50 43 என்ற ஆறு பைட்டும் வர வேண்டும். வராவிட்டால் முகவரியைக் கார்டு ஏற்காது. சர்வர் லாகில் ஆஃபர் போனதாகவே தெரியும். ஒன்று அந்த பைட்டுகளை சர்வரில் சேருங்கள், இல்லை கார்டில் அந்த செட்டிங்கை எடுத்துவிடுங்கள். ஸ்விட்ச் போர்ட்டையும் பாருங்கள். பழைய ஸ்பானிங் ட்ரீயில் (நெட்வொர்க் சுற்றிச் சுழலாமல் தடுக்கும் ஸ்விட்ச் முறை) போர்ட் திறக்கவே 30 விநாடி ஆகும். கார்டு அதற்குள் கேட்டு ஓய்ந்துவிடலாம்.

கேபிள்காரன்:
ஆப்ஷன் 43 எனக்குப் புதுசு, நன்றி. நைட்ஷிப்ட், நீங்கள் சொன்ன கார்டு மாற்றும் சிக்கல் உண்மைதான். ஆனால் கையால் போட்டாலும் புதுக் கார்டில் யாராவது முகவரி அடித்துத்தானே ஆக வேண்டும்? ரிசர்வேஷன் என்றால் ஒரே இடத்தில் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

நைட்ஷிப்ட்:
மற்ற ரேக்குகளுக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். கோர் ஸ்விட்சுக்கும் (எல்லா ரேக்கும் சேரும் மைய ஸ்விட்ச்) டிஹெச்சிபி ஓடும் அந்த ரவுட்டருக்கும் கரண்ட் கொடுக்கும் பிடியுக்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அவை நிலையான ஐபியிலேயே இருக்கட்டும்.

கேபிள்காரன்:
அதையும் சோதித்துவிட்டே முடிவெடுக்கிறேன். சனிக்கிழமை ஒரு காலி ரேக்கில் டிஹெச்சிபியை நிறுத்திவிட்டு, இரண்டு பிடியுவின் கரண்டையும் பிடுங்கிப் பார்க்கப் போகிறேன்.

நைட்ஷிப்ட்:
கன்சோல் கேபிளை முதலில் செருகிவிட்டு அப்புறம் பிடுங்குங்கள். கார்டு எழும்போது என்ன கேட்கிறது என்பதைப் பிடித்து இங்கே போடுங்கள்.