20,000த்துக்கும் 30,000த்துக்கும் நடுவுல எத்தன சதவீதம்வே?

பேட்டை_கணக்கன்: நேத்து ஒருத்தரு எழுதியிருக்காரு, 20,000த்துல தொடங்கி 30,000த்துல முடியுத சம்பளக் கிரேடோட விரிவு 40 சதவீதமாம். எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சாரோ! உச்சத்துல தொடக்கத்தக் கழி, தொடக்கத்தால வகு. 50. முப்பது வருசம் மில்லுல சம்பளப் பட்டியல் போட்ட கைவே இது.

ஜங்ஷன்_எச்ஆர்: அந்த ஒருத்தன் நாந்தான் அண்ணாச்சி, பேரச் சொல்லியே திட்டுங்க. அந்த வேலைக்கு வெளிய என்ன குடுக்காவன்னு விசாரிச்சு நடுப்புள்ளி 25,000ன்னு வைக்கோம். அதுக்கு மேல 20 சதவீதம், கீழ 20 சதவீதம். கூட்டுனா 40.

பேட்டை_கணக்கன்: இப்ப 20ங்கீரு, ஒடனே 40ங்கீரு. சாயங்காலம் 60ம்பீரு. 50வே, 50.

கங்கைகொண்டான்_ஷிஃப்ட்: எது வேணா இருக்கட்டும். 11 வருசமா மிஷின்ல நிக்கேன், 29,800. போன மாசம் இன்க்ரிமென்ட் லெட்டர் குடுத்தாவ. கவரு, சீலு, கையெழுத்து எல்லாம் பிரமாதம். பிரிச்சா 200 ரூவா. உச்சம் 30,000 தாண்டக் கூடாதாம். பக்கத்து மிஷினுக்குப் புதுசா வந்த பையனுக்கு 27,000. அவனுக்கு வேல சொல்லிக் குடுக்கதும் நாந்தான்.

ஜங்ஷன்_எச்ஆர்: வரம்ப அப்பப்ப ஏத்தாம கெடப்புல போட்டா இப்படித்தான் தம்பி. பழைய ஆளு தலை கூரையில முட்டும், புது ஆளுக்கு வெளி ரேட்டு குடுத்தாவணும். ரெண்டு சம்பளமும் ஒட்டிக்கிடும்.

பேட்டை_கணக்கன்: கதைய மாத்தாதேயும். 50ஆ, இல்லியா?

பாளை_வாத்தியார்: ஏழாவது ஊதியக்குழு, மத்திய அரசு லெவல் 1 பாருங்க. 18,000த்துல ஆரம்பம், 56,900ல முடிவு, 40 படி, வருசம் சுமார் 3 சதவீதம். அண்ணாச்சி கணக்குப்படி விரிவு 216. அங்க யாரும் நடுப்புள்ளி தேடல. எங்க கதை வேற. தமிழ்நாட்டுல 2009 ஜூன் 1க்கு முந்திச் சேந்த இடைநிலை ஆசிரியருக்கு அப்ப அடிப்படைச் சம்பளம் 8,370, பொறவு சேந்த எங்களுக்கு 5,200ன்னு வச்சாவ. ஒரே வகுப்பு, ஒரே சாக்பீஸ்.

பேட்டை_கணக்கன்: பாத்தீரா! வாத்தியாரே தொடக்கத்தாலதான் வகுத்திருக்காரு. ஜங்ஷன்காரரு தப்ப ஒத்துக்கிடட்டும்.

பாளை_வாத்தியார்: ஒங்க கணக்குப்படின்னுதான் சொன்னேன். சரின்னு சொல்லல.

வண்ணார்பேட்டை_வாசி: அண்ணாச்சி, போன பொங்கலுக்கு அல்வாவுக்கு நெய் எவ்வளவுன்னு இப்படித்தான் மூணு நாளு இழுத்தீங்க. கடைசில அந்த விவாதத் திரியவே பூட்டுனாவ.

பேட்டை_கணக்கன்: சம்பா கோதுமையில பாலெடுக்கத் தெரியாத ஆளுல்லாம் அல்வா பேச வந்துட்டாரு. அன்னைக்கும் நாஞ்சொன்ன அளவுதான் சரி.

வண்ணார்பேட்டை_வாசி: எங்க வீட்டு உருளியில கிண்டுனது எங்களுக்குத் தெரியாதாக்கும்! நீங்க கடையில வாங்கித் திங்க ஆளுதான?

ஜங்ஷன்_எச்ஆர்: அல்வாவுக்கும் நடுப்புள்ளி உண்டு அண்ணாச்சி.

பேட்டை_கணக்கன்: நக்கலு! படிச்ச திமிரு. ஒம்ம மாதிரி நாலு பேரு சட்டையில பட்டையத் தொங்கவிட்டு வந்த பொறவுதான் மில்லுல போனசு கொறஞ்சுது.

கங்கைகொண்டான்_ஷிஃப்ட்: என் 200 ரூவாய்க்கு யாராச்சும் பதில் சொல்லுதியளா?

பேட்டை_கணக்கன்: 200ஐ 29,800ஆல வகுங்க தம்பி. 0.67 சதவீதம். எதால வகுத்தோம்? வாங்கிட்டு இருந்ததால! அதையேதான நேத்துலேர்ந்து கத்துதேன்.

ஜங்ஷன்_எச்ஆர்: நடுப்புள்ளியால வகுத்தா 0.8.