டெக்சாஸில் கம்ப்யூட்டர் சயன்ஸ்: எந்தக் கல்லூரியைச் சேஃப்டி என்று நம்பிப் பட்டியலில் சேர்ப்பது?

பிளேனோ அப்பா:

அனைவருக்கும் வணக்கம். டாலஸுக்கு வடக்கே உள்ள ஓர் அரசுப் பள்ளியில் எங்கள் மகள் பதினொன்றாம் வகுப்பை முடித்திருக்கிறாள். பள்ளி தந்த ரேங்க் கணக்கின்படி வகுப்பின் முதல் 9 விழுக்காட்டுக்குள் வருகிறாள், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் 1600க்கு 1480. கம்ப்யூட்டர் சயன்ஸ் படிப்பதில் உறுதியாக இருக்கிறாள். இப்போதைக்கு எங்கள் பட்டியலில் யூ.டி. (டெக்சாஸ் பல்கலைக்கழகம்) ஆஸ்டின், ஜார்ஜியா டெக், இல்லினாய் அர்பானா-ஷாம்பெய்ன், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம், கார்னெகி மெலன், பர்டூ ஆகியவை உள்ளன.

இதைப் பார்த்த பள்ளிக் கவுன்சிலர், "இதில் சேஃப்டி, அதாவது நிச்சயம் இடம் கிடைக்கும் என்று நம்பக்கூடிய கல்லூரி, எது?" என்று கேட்டார். பர்டூவில் விண்ணப்பிப்போரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இடம் கிடைக்கிறதே என்றேன்; அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு அருகிலேயே ரிச்சர்ட்சனில் இருக்கும் யூ.டி. டாலஸைச் சேர்க்கலாம் என்றால், மகள் முகம் சுளிக்கிறாள். கோயிலில் பிரசாதம் வாங்க நிற்கும்போதுகூட "எங்கே விண்ணப்பம் போடுகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள், அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதே அவள் கவலை என்று தோன்றுகிறது. நாங்கள் எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறோம், மகள் அதைச் சார்ந்த குடும்ப விசாவான எச்-4இல். சேஃப்டி எத்தனை வேண்டும், ஒரு கல்லூரி சேஃப்டிதான் என்று எதை வைத்து முடிவு செய்வது?

ஹூஸ்டன் அம்மா:

ஐயா, உங்கள் மகளுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு டெக்சாஸ் மாநிலச் சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் பட்டியல் அதைப் பயன்படுத்திக்கொள்ளவே இல்லை. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாநிலத்துப் பள்ளியில் வகுப்பின் முதல் 10 விழுக்காட்டுக்குள் வந்து, உரிய பாடத்திட்டத்தையும் முடித்த மாணவருக்கு மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்கள் இடம் கொடுத்தாக வேண்டும். இதில் யூ.டி. ஆஸ்டினுக்கு மட்டும் விலக்கு உண்டு. உள்மாநில இடங்களில் நான்கில் மூன்று பங்கு வரைதான் அது இந்த வழியில் நிரப்ப வேண்டும் என்பதால், அங்கே எல்லைக்கோடு நெடுநாள் 6 விழுக்காடாக இருந்து, 2026 இலையுதிர்காலச் சேர்க்கை முதல் 5 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. ஆகவே 9 விழுக்காட்டில் இருக்கும் உங்கள் மகளுக்கு ஆஸ்டின் போட்டிக் களம்தான். டெக்சாஸ் ஏ அண்ட் எம், யூ.டி. டாலஸ், ஹூஸ்டன் பல்கலைக்கழகம், டெக்சாஸ் டெக் ஆகியவற்றிலோ ரேங்க் ஒன்றே கதவைத் திறந்துவிடும்.

இங்கேதான் பெற்றோர் பலர் சறுக்குகிறார்கள். சட்டம் உறுதி செய்வது பல்கலைக்கழகத்தில் ஓர் இடத்தை மட்டுமே. கம்ப்யூட்டர் சயன்ஸில் இடத்தை அல்ல. என் மகன் ஏ அண்ட் எம்மில் சேர்ந்தபோது பொதுப் பொறியியல் மாணவனாகத்தான் நுழைந்தான். முதலாண்டு மதிப்பெண்ணைக் கொண்டுதான் துறை கிடைத்தது. அந்த முதல் பருவத்தில் அவன் அறையிலிருந்து தொலைபேசியில் பேசிய பேச்செல்லாம் இரண்டாம் கால்குலஸ் தேர்வைப் பற்றியதாகவே இருக்கும். கம்ப்யூட்டர் சயன்ஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கும் பிள்ளைக்கு இதைச் சேஃப்டி என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்திலும் அந்தத் துறைக்குத் தனி நிபந்தனை உண்டா என்று இந்த ஆண்டுக்குரிய விவரத்தை நீங்களே படித்துப் பார்க்க வேண்டும். போன ஆண்டு பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைத்தது என்பது சான்றாகாது.

சியாட்டில் வாசகர்:

பர்டூ பற்றி உங்கள் கவுன்சிலர் தயங்கியது நியாயமே. பாதிப் பேருக்கு இடம் என்பது வேளாண்மை முதல் விமானவியல் வரை எல்லாத் துறைகளையும் சேர்த்த கணக்கு. கம்ப்யூட்டர் சயன்ஸ் வாசலில் நிற்கும் கூட்டத்துக்கு அது பொருந்தாது. எங்கள் ஊர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். மொத்தச் சேர்க்கை விகிதம் தாராளமாகத் தெரியும். ஆனால் முதலாண்டிலேயே கம்ப்யூட்டர் சயன்ஸில் நேரடி இடம் கிடைக்காத மாணவர் பின்னால் அதற்குள் நுழைவது மிகக் கடினம் என்று அந்தத் துறையே எச்சரிக்கிறது. வெளிமாநில மாணவருக்கு நேரடி இடம் இன்னும் அரிது.

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற பகுதியில் எதற்கு எவ்வளவு மதிப்பு தருகிறார்கள் என்பது இருக்கும். விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வத்தைக் கணக்கில் எடுக்கும் கல்லூரியில், மதிப்பெண் அதிகமாக இருக்கிறதே என்று அலட்சியமாக ஒரு விண்ணப்பத்தைப் போட்டால், இவர் எப்படியும் வரப்போவதில்லை என்று ஒதுக்கிவிடவும் கூடும். தனியார் கல்லூரியைச் சேஃப்டியாக நினைப்பவர்கள் அந்தப் பகுதியை அவசியம் பார்க்க வேண்டும். நிபந்தனையை எண்ணாக எழுதி வெளியிடும் அரிசோனா ஸ்டேட் போன்ற இடங்களில் இந்தத் தொல்லை இல்லை. அங்கும் பொறியியல் துறைக்கு உயர்ந்த வரம்பு தனியாக உண்டு.

வரிசையில் நிற்பவன்:

விசா பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். எச்-4 பிள்ளைக்குக் கூட்டாட்சி அரசின் கல்வி உதவி கிடைக்காது. ஆனால் டெக்சாஸில் குடியிருப்பு விதிகளை நிறைவு செய்தால், மாநிலத்தவருக்கான குறைந்த உள்மாநிலக் கட்டணம் உண்டு. உங்கள் பட்டியலில் ஆஸ்டினைத் தவிர எல்லாமே வெளிமாநிலக் கட்டணமோ தனியார் கட்டணமோ வாங்கும் இடங்கள். இடம் கிடைத்தும் பணம் கட்ட முடியாத கல்லூரியைச் சேஃப்டி என்று அழைப்பதில் பொருளில்லை. 2011 முதல், கூட்டாட்சி உதவித் திட்டங்களில் உள்ள ஒவ்வொரு கல்லூரியும் தன் தளத்தில் செலவுக் கணிப்பானை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வருமான விவரத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுதில் அனைத்தையும் போட்டுப் பார்த்துவிடலாம். ஆனால் அது காட்டும் தொகை கூட்டாட்சி உதவியையும் கழித்த பிறகு வருவதாக இருக்கலாம்; அந்த உதவியை நீங்கள் திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, 21 வயது. அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் மகள் எஃப்-1 என்ற மாணவர் விசா போன்ற வேறு விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். பலருக்கு இது பட்டப்படிப்பின் மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் வரும். அப்போது கட்டண வகை என்ன ஆகும் என்பதைப் பல்கலைக்கழகத்தின் குடியிருப்புப் பிரிவிடம் எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 1,000 டாலருக்குக் குறையாத போட்டி உதவித்தொகை பெறும் வெளிமாநில, வெளிநாட்டு மாணவரிடமும் டெக்சாஸ் பொதுப் பல்கலைக்கழகங்கள் உள்மாநிலக் கட்டணத்தை வாங்க விதியில் இடமிருக்கிறது. ஆகவே அந்த உதவித்தொகை தொடருமா, அதற்கு எந்த மதிப்பெண்ணைத் தக்கவைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ரிச்சர்ட்சன் மாணவி:

ஐயா, நான் யூ.டி. டாலஸில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். உங்கள் மகளைப் போலவே நானும் முகம் சுளித்தவள்தான், ஆகவே அவளிடம் வற்புறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெற்றோர் தேர்ந்தெடுத்துத் திணித்த சேஃப்டிக்கு ஏப்ரலில் அழுதுகொண்டே போகிறார்கள். ஒரு வாரநாளில் அவளைத் தனியாக வளாகத்துக்கு அனுப்புங்கள். ஏதாவதொரு வகுப்பில் உட்காரட்டும், ஆய்வகத்தில் நிற்கும் மாணவர்களிடம் இன்டர்ன்ஷிப் பற்றிக் கேட்கட்டும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் ஹூஸ்டனோ வேறொன்றோ இருக்கட்டும். வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் கல்லூரி என்பதுதான் அவளுக்கு உறுத்தலாக இருந்தால், விடுதியில் தங்கலாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். என் விஷயத்தில் அந்த ஒரு வாக்குறுதிதான் மனத்தை மாற்றியது.

பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத்து ஏ.பி. தேர்வுகளையும் கணக்கில் எடுங்கள். 2015ஆம் ஆண்டு முதல் டெக்சாஸ் பொதுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக 5க்கு 3 மதிப்பெண் எடுத்தாலே அந்தப் பாடத்தை முடித்ததாகக் கிரெடிட் தர வேண்டும் என்பது சட்டம். நான் ஏறத்தாழ ஓராண்டுப் பாடங்களைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தேன். 21 வயதுக்குள் படிப்பை முடிக்க நினைப்பவருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

பிளேனோ அப்பா:

அனைவருக்கும் நன்றி. பர்டூ இனி எங்கள் சேஃப்டி அல்ல. யூ.டி. டாலஸை மகள் போய்ப் பார்க்கட்டும், ஹூஸ்டனையும் சேர்க்கிறோம். இரண்டிலும் துறை நிபந்தனைகளைப் படித்துவிட்டு, இவற்றோடு மூன்றாவது ஒன்று தேவையா என்று முடிவு செய்கிறோம். ஒரு சந்தேகம்: பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பருவத்தில் ரேங்க் 10 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால் என்ன ஆகும்?

ஹூஸ்டன் அம்மா:

இரண்டும் உறுதியானால் இரண்டே போதும், ஐயா. உறுதியில்லாத ஐந்து இருந்து பயனில்லை. ரேங்க் விஷயத்தில், விண்ணப்பக் கெடுவின்போது பள்ளியின் கையில் எந்த ரேங்க் கடைசியாக இருக்கிறதோ அதைத்தான் பொதுவாகப் பார்ப்பார்கள். இலையுதிர்காலத்தில் விண்ணப்பித்தால் பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பு இறுதி ரேங்க்தான். உங்கள் பள்ளி ரேங்கை எப்போது திருத்துகிறது என்று கவுன்சிலரிடம் கேட்டுக்கொண்டு, ரேங்க் குறிப்பிட்ட டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பட்டியலை) ஆகஸ்டிலேயே வாங்கி, இந்த இரண்டு விண்ணப்பங்களையும் முதலில் அனுப்பிவிடுங்கள். ஆஸ்டினுக்கான கட்டுரைகளை அதற்குப் பிறகு நிதானமாக எழுதட்டும்.