பின்கட்டு ஜன்னலில் இருந்த டம்ளர்

திருச்சி, இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா:

போன ஆடிக் காற்றில் எங்கள் வீட்டுத் தென்னையிலிருந்து ஒரு அணில்பிள்ளை விழுந்தது. இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. என் மகள் அழுத அழுகையில் தெருவே எட்டிப் பார்த்தது. பால் புகட்டப் போனவளைத் தடுத்துவிட்டு, தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போனில் கேட்டேன். பசும்பால் ஆகாது, வாயில் ஊற்றினால் புரையேறிவிடும், துணி விரித்த அட்டைப்பெட்டியில் வைத்து மரத்தடியிலேயே விட்டுவிட்டுத் தள்ளி இருங்கள், தாய் வந்து தூக்கிக்கொள்ளும் என்றார். பூனை வந்துவிடாமல் இரண்டு பேரும் ஜன்னலுக்குப் பின்னால் முறை வைத்துக் காவல் இருந்தோம். சாயங்காலம் தாய் அணில் வந்து, கவ்விக்கொண்டு மரமேறியது. என் பிள்ளைக்கு எவ்வளவு இரக்கம் பாருங்கள் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன்.

அடுத்த வாரம், வீட்டு வேலைக்கு வரும் அம்மா கொஞ்சம் பிந்தி வந்தார். அறுபதைத் தாண்டியவர். கதவைத் திறந்த என் மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்ன, இன்னிக்கும் லேட்டா?" என்றாள். குரல், இழுவை, புருவத்தைத் தூக்குவது எல்லாம் அப்படியே நான். கண்டித்தேன். "நீ அப்படித்தானேம்மா கேப்ப?" என்றாள்.

அதோடு விட்டாளா? "அவங்க டம்ளர் மட்டும் ஏன் பின்கட்டு ஜன்னல்ல இருக்கு?" என்று கேட்டாள். நெளிந்துபோன எவர்சில்வர் டம்ளர். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. காபி குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை, தெரியும். "அவங்க தேய்ச்ச தட்டுலதானே நாம சாப்பிடுறோம்?" என்றாள். அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் அந்த டம்ளரை எடுத்து அலமாரியில் மற்றவற்றோடு வைத்தேன். மாமியார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது எதிர்பார்த்ததுதான். அந்த அம்மாவே மறுப்பார் என்று நினைக்கவில்லை. "எனக்குன்னு ஒண்ணு இருந்துச்சு, அதுவே போதும்மா" என்று ஒரு வாரம் காபியே வேண்டாம் என்றுவிட்டார். என் மனத் திருப்திக்காக அவரைச் சங்கடப்படுத்திவிட்டேனோ என்று இன்னமும் உறுத்துகிறது. பிள்ளைகளுக்கு இரக்கம் பழக்குவது உங்கள் வீட்டில் எப்படி? எழுதுங்கள்.

மதுரை, ஒரு அப்பா:

தங்கச்சி, உங்கள் அளவுக்கு மனம் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. பட்டாசுக் கதை சொல்கிறேன். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977இல் அறிவிக்கப்பட்டது. பக்கத்திலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் அதற்கும் முன்பிருந்தே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாயில் நாரையும் கொக்கும் கூடு கட்டும் பருவம் அது. ஒரு தீபாவளி கழித்து என் பையனைக் கூட்டிப்போனேன். அங்கே ஆடு ஓட்டிக்கொண்டிருந்த பொடியனிடம், "உனக்கு வெடி போட ஆசையே இல்லையா?" என்று கேட்டான். "ஆசைதான். போட்டா பறந்துரும்ல?" என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனான்.

வரும் வழியில் பொத்தகுடியைப் பற்றியும் சொன்னேன். 2020இல் அந்த ஊரில் தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டிவிட்டது. குஞ்சு பறக்கிற வரை, ஒரு மாதத்துக்கு மேல் ஊரே இருட்டில் இருந்தது. அதுவும் சிவகங்கை மாவட்டம்தான். என் பையன் அடுத்த வருஷம் பட்டாசை முழுக்க விட்டுவிட்டான் என்று சொன்னால் பொய். அணுகுண்டு வேண்டாம், மத்தாப்பு போதும் என்றான். அவன் வயதில் நான் அதுகூடச் சொன்னதில்லை.

கும்பகோணம், ஓய்வு பெற்ற ஆசிரியர்:

நான்காம் வகுப்பில் ஒரு பையனுக்குத் திக்குவாய். இன்னொருவன் அவனைப் போலவே பேசிக் காட்டுவான், வகுப்பே சிரிக்கும். பேசிக் காட்டியவனை எல்லார் முன்னாலும் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தேன். அழகாகக் கேட்டான். அன்று சாயங்காலம் வாசலில் அந்த மன்னிப்பையும் திக்கித் திக்கிப் பேசிக் காட்டியிருக்கிறான்.

அப்புறம் வேறு வழி பார்த்தேன். இரண்டு பேரிடமும் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைக் கொடுத்தேன். ஒரே குடம், இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கவேண்டும். நட்பெல்லாம் உடனே வந்துவிடவில்லை. சில வாரம் கழித்து, அந்தப் பையன் ஒரு வார்த்தையில் தடுமாறும்போது இவன் பேசாமல் காத்து நின்றதைப் பார்த்தேன். முன்பெல்லாம் நானே அவசரப்பட்டு அந்த வார்த்தையை எடுத்துக்கொடுப்பேன். காத்திருக்க எனக்குத் தோன்றியதில்லை. சிரித்த மற்ற முப்பது பேரிடம் ஒன்றும் சொல்லாமல் விட்டதும் என் தவறுதான்.

கோவை, இரட்டைப் பிள்ளைகளின் அம்மா:

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரக்கத்தோடு கொஞ்சம் எச்சரிக்கையும் பழக்க வேண்டும். என் சின்னவன் குட்டி போட்ட நாய்க்குப் பிஸ்கட் ஊட்டப் போய்க் கடி வாங்கினான். உடனே சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். ஊசி எல்லாம் தவணை தவறாமல் போட்டாயிற்று. மஞ்சள் வைத்துக் கட்டு என்ற பெரியவர்களைச் சமாளித்தது தனிக் கதை. இப்போதும் சோறு வைக்கிறான், தள்ளி நின்று.

திருச்சி அம்மா மறுபடியும்:

எல்லாருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா, அந்தக் குடம் மனதிலேயே நிற்கிறது. அந்த அம்மா இப்போது எந்த டம்ளரில் கொடுத்தாலும் வாங்கிக் குடிக்கிறார். நேற்று என் மகள் புதுக் கேள்வியோடு வந்தாள்: "நாற்காலி காலியா இருக்கே, அவங்க ஏம்மா தரையில உக்காந்து குடிக்கிறாங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமியார் என்னைப் பார்த்தார். நான் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.