மழை விட்டதும் தூரிகை தேடும் கை

மடிவாளாவாசி:
பெங்களூரில் டெஸ்டிங் வேலை. மழை விட்டு குளிர் ஆரம்பித்ததும் காலேஜோடு நின்றுபோன வாட்டர்கலர் மறுபடி பிடித்துக்கொண்டது, இப்போது முழுசாக இல்லஸ்ட்ரேஷன் பக்கம் போய்விடலாமா என்று மண்டைக்குள் ஒரே குடைச்சல். வேலையை விடலாமா?

அல்சூர் அக்கா:
அவசரப்படாதீங்க தம்பி. ஜனவரியில் சித்ரகலா பரிஷத் என்ற கலை நிறுவனம் நடத்தும் சித்திரச் சந்தைக்குப் போங்க, குமாரகிருபா ரோடு முழுக்கப் படமாக இருக்கும். சனங்க எதற்கு விலை கேட்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள் என்று பாருங்க.

கலர்பெட்டி:
சம்பளம் வரும்போதே ஒரு கமிஷன் வேலை, அதாவது யாராவது காசு கொடுத்து வரையச் சொல்லும் படம், எடுத்துப் பாருங்க. கிளையன்ட் மூன்றாம் தடவை “இன்னும் கொஞ்சம் பிரைட்டா” என்னும்போதும் வரையப் பிடித்தால் யோசிக்கலாம். அப்புறம், 300 ஜிஎஸ்எம் என்கிற கனமான பேப்பர்தான் வாங்கணும், மெல்லிசுத் தாள் தண்ணீர் பட்டதும் அலையலையாகிவிடும்.

மடிவாளாவாசி:
சரி, ராஜினாமா கடிதம் டிராஃப்டிலேயே கிடக்கட்டும்.